பாய்மரப் படகுக்குள் ஒரு சூடாறாப்பெட்டி: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பெயரே புதிதாக இருக்கும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடாறாப்பெட்டி. சூடு ஆறாத பெட்டி, அவ்வளவுதான். மலையாளத்தில் வைத்த பெயர், ஆனால் நம்மூர் ஆச்சி யாரோ வைத்தது போலவே இருக்கிறது. தெர்மாகோல் அடைத்த பெட்டி, நடுவில் பாத்திரம் உட்கார ஒரு குழி, மேலே தடித்த மூடி. கரண்டு கிடையாது, சுவிட்ச் கிடையாது. அரிசியை நன்றாகக் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு உள்ளே இறக்கி மூடினால் மிச்சம் தானாக வேகும். கேரளத்தில் இதைப் பரப்பியது சாஸ்திர சாகித்ய பரிஷத். 1962-ல் தொடங்கிய மக்கள் அறிவியல் இயக்கம், 1996-ல் ரைட் லைவ்லிஹுட் விருது வாங்கியது. அவர்களுடைய புகையில்லா அடுப்பை நிறையப் பேருக்குத் தெரியும், பெட்டியை அவ்வளவாகத் தெரியாது. நான் வாங்கியது பரிஷத்தின் பெட்டி அல்ல, அதைப் பார்த்து யாரோ செய்து நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கண்காட்சியில் விற்றது. கீழே சொல்லப்போகும் குறைகள் எல்லாம் அந்தப் பெயரில்லாத பெட்டியின் குறைகள்.

வீட்டுக்கு வாங்கியிருந்தால் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் வாங்கியது படகுக்கு.

படகு என்றால் மீன்பிடி வள்ளம் இல்லை, போட்டும் இல்லை. இருபத்தாறு அடி ஃபைபர் பாய்மரப் படகு. மாமா முப்பது வருடம் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்துவிட்டு, ரிட்டயர்டு ஆனதும் ஊரில் வீடு கட்டுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் போய்ப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞம் பழைய துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை குழித்துறை வீட்டில். நான் வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை, எங்கிருந்து பார்த்தால் என்ன என்று மாதத்தில் இருபது நாள் அவரோடு படகில். பாய் விரித்துக் கடலுக்குள் போவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் நின்ற இடத்திலேயே குடித்தனம். விடியற்காலையில் ஒரு பக்கம் பள்ளிவாசல் பாங்கு, இன்னொரு பக்கம் மாதா கோவில் மணி, நடுவில் வள்ளங்களின் எஞ்சின் சத்தம். இரவில் தெற்கே புதுத் துறைமுகத்துக் கிரேன் விளக்குகள், தூங்கவிடாத அளவுக்கு.

பாய்மரப் படகு வாழ்க்கை என்றால் மேல்தட்டில் காலை நீட்டிக்கொண்டு அஸ்தமனம் பார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் நாள் முழுக்க நாம் போராடுவது கடலோடு இல்லை, வெக்கையோடும் ஈரத்தோடும். உள்ளே நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு இடம், அதுவும் அடுப்புக்கு முன்னால். அந்த இடத்தில் ஏப்ரல் மாதம் மதியம் பன்னிரண்டு மணிக்கு சம்பா அரிசி வடித்துப் பாருங்கள். நம்மூர் கட்டைச் சம்பா வேக முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் அடுப்பு எரிய, மேலே கூரை வெயிலில் காய, நடுவில் நாம்.

வெக்கையாவது தெரிகிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியவில்லை. தலையணை எல்லாம் பிசுபிசுப்பு, சட்டைகளில் பூஞ்சை, புத்தகம் அலையடித்த மாதிரி சுருண்டுபோகும். கடல் காற்றுதான் என்று நினைத்திருந்தேன். மாமாதான் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் அதிலிருந்து சுமார் ஒன்றரை கிலோவுக்கு மேலேயே தண்ணீர் ஆவியாக வெளியே வரும். கேஸில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றோடு சேர்ந்து தண்ணீராகிறது, இது பள்ளிக்கூடத்துப் பாடம்தான், நாம்தான் மறந்துவிட்டோம். எங்கள் ஐந்து கிலோ சிலிண்டர் மூன்று வாரம் வரும், அதாவது தினம் கால் கிலோ கேஸ். அப்படியென்றால் ஒரு சின்ன அலமாரி அளவு அறைக்குள் தினமும் நாங்களே நானூறு மில்லி தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருக்கிறோம், சோற்றுப் பானையின் ஆவி தனிக்கணக்கு. ராத்திரி குளிர்ந்ததும் அது கூரையில் படிந்து நடுச்சாமத்தில் சரியாக என் நெற்றியில் ஒரு சொட்டு விழும்.

இந்த நிலைமையில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிறு தோணியில் வந்து ஏறினேன். மாமா மேலிருந்து பார்த்து, "இதென்னடே மக்கா, மீன் ஏத்துற பொட்டியா?" என்றார். விளக்கிச் சொன்னேன். எஞ்சின் ரூம்காரர் இல்லையா, மூடியைத் திறந்து விரலால் தெர்மாகோலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மூணு இஞ்சு லேகிங். கொள்ளாம்," (சூடு போகாமல் காக்கும் உறைக்கு எஞ்சின் ரூமில் லேகிங் என்று பெயர், கொள்ளாம் என்றால் பரவாயில்லை, நன்றாயிருக்கிறது) என்று மட்டும் சொல்லி, தெர்மாமீட்டர் எடுக்கப் போய்விட்டார்.

அந்த அளவுகளை அப்படியே தருகிறேன். மூன்று லிட்டர் பாத்திரம் நிறையக் கொதிநீர் வைத்து மூடியதில், ஒரு மணி நேரம் கழித்து தொண்ணூறு டிகிரிக்குக் கொஞ்சம் கீழே, நாலு மணி நேரம் கழித்து எழுபத்தைந்து, எட்டு மணி நேரம் கழித்து அறுபது. அரைப் பாத்திரம் மட்டும் வைத்தால் நாலு மணி நேரத்திலேயே அறுபதுக்கு வந்துவிட்டது. இதில் படிக்க வேண்டியது ஒன்றுதான்: பாத்திரம் நிறைய இருந்தால்தான் பெட்டிக்கு மரியாதை. ஒற்றை ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி போட்டுவிட்டு வேகவில்லை என்று திட்டக்கூடாது. நாங்கள் இரண்டு பேர், அதனால் காலையிலேயே மதியத்துக்கும் ராத்திரிக் கஞ்சிக்கும் சேர்த்து வைத்துவிடுவோம்.

சம்பா அரிசிக்கு எங்கள் முறை: முந்தின ராத்திரி ஊற வைப்பது, காலையில் நன்றாகத் தளபுளவென்று பத்து நிமிடம் கொதிக்க விடுவது, மூடியைத் திறக்காமல் அப்படியே பெட்டிக்குள். ஒன்றரை மணி நேரத்தில் சோறு. நடுவில் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை வாங்க வேண்டாம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடு பொசுக்கென்று போய்விடும். நான் முதல் வாரம் முழுக்கத் திறந்து திறந்து பார்த்து அரைவேக்காட்டுச் சோறு தின்றேன்.

வடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், எனக்கு இந்தப் பெட்டி பிடித்துப்போனதற்கு உண்மையான காரணம் அதுதான். எங்கள் அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஒரு சட்டத்தில் தொங்குகிறது, படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். ஆனால் சோறு வடிக்க நாம் பாத்திரத்தைக் கையில் எடுத்தாக வேண்டும், நாம் ஊஞ்சலில் இல்லை. போன வருடம் ஒரு நாள் பாத்திரத்தைச் சாய்த்துக் கஞ்சித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்த நேரம், ஒரு வள்ளம் நாற்பது குதிரைசக்தி எஞ்சினை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் போனது. அதன் அலை வந்து இடித்ததில் கொதிக்கும் கஞ்சி இடது மணிக்கட்டில். தழும்பு இன்னும் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும் சோறு கொதிநிலையில் இருக்காது, அதோடு தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டால் வடிக்கவே வேண்டாம். ஆவியாகி வீணாவது கொஞ்சம்தான் என்பதால் வழக்கமாக ஊற்றுவதில் கால்பங்கு குறைத்துக்கொள்ளலாம். குடிதண்ணீரை இருபது லிட்டர் கேனில் தோணியில் வைத்து துடுப்புப் போட்டுக் கொண்டுவருபவர்களுக்குத்தான் அந்தக் கால்பங்கின் அருமை தெரியும்.

கேஸ் கணக்கு: மூன்று வாரம் வந்த சிலிண்டர் இப்போது ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் குறைய வருகிறது. பணம் பெரிய மிச்சம் இல்லை. சிலிண்டரைத் தோணியில் ஏற்றி இறக்கும் வேலை குறைந்ததுதான் மிச்சம். இன்னொன்றும் உண்டு. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிக்குழிக்குள், பில்ஜ் என்று மாமா சொல்லும் இடத்தில், போய்த் தேங்கிக்கொள்ளும். வீட்டில் ஜன்னலைத் திறந்தால் போயிற்று, படகு என்பது அடியில் ஓட்டையே இல்லாத ஒரு வாளி. அதனால் அடுப்பு எரியாத நேரமெல்லாம் மாமாவுக்கு நிம்மதி. "அணைச்சியா? வால்வ அடைச்சியா?" என்று நாளைக்கு எட்டுத் தடவை கேட்டவர் இப்போது நாலு தடவைதான் கேட்கிறார்.

கூரையிலிருந்து சொட்டு விழுவது அடியோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் எதுவுமே காயாது, அதற்குப் பெட்டி என்ன செய்யும். ஆனால் தைமாசத்திலிருந்து நெற்றியில் சொட்டு விழவில்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை மூடி. சும்மா மேலே உட்காருகிற மூடி, கொக்கியோ தாழ்ப்பாளோ எதுவும் இல்லை. வீட்டு அடுக்களையில் அது போதும். ஏப்ரலில் ஒரு ராத்திரி கள்ளக்கடல் வந்தது. கேள்விப்படாதவர்களுக்கு: காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, எங்கோ தெற்கு இந்துமாக்கடலின் அடிவாரத்தில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்து நம்மூர்க் கரையில் ஏறும். திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர்தான் இப்போது யுனெஸ்கோ வரைக்கும் புழங்குகிறது, கடல் நிலவரம் சொல்லும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை விடும்போதும் இதே பெயர்தான். எச்சரிக்கை அன்றைக்கும் வந்திருந்தது. நங்கூரக் கயிற்றை நீட்டிவிட்டோம், தோணியைத் தூக்கி மேலே கட்டினோம், ஜன்னலை அடைத்தோம், பெட்டியை மறந்துவிட்டோம். நடுராத்திரி ஒரு உருட்டு உருட்டியதில் பெட்டி கவிழ்ந்து, மூடி ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம், நாளைய சிறுபயறு முழுக்க என் படுக்கையில். பயறு நன்றாக வெந்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் சைக்கிள் டியூப் இரண்டு துண்டு வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக மாட்டி, பெட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே முக்கோணச் சந்துக்குள் ஆணியடித்த மாதிரி சொருகிவிட்டோம். அதற்கப்புறம் ஆடவில்லை. அதன் மேலேயே கால்வைத்து ஏறி இறங்குகிறோம், மாமா உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) தோலுரிப்பதும் அதன் மேல்தான்.

இரண்டாவது குறை எனக்குச் சின்னதாகத் தெரிந்தது, மாமாவுக்கு மகா பெரிய குறை. குழியின் உள்பக்கம் தெர்மாகோல் மூடப்படாமல் அப்படியே இருக்கிறது. பாத்திரம் ஏறி இறங்கி உரசியதில் இரண்டு மாதத்தில் வெள்ளை உருண்டைகள் உதிர ஆரம்பித்தன. அது பறந்துபோய் அடிக்குழியில் விழுந்து, பம்பின் வலையை அடைத்துவிட்டது. மழை பெய்து படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, பம்பு உறுமுகிறது, வெளியே சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மாமா வலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். சோற்றுப்பருக்கை மாதிரி வெள்ளை வெள்ளையாக. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு, அதன் கண்டெய்னர்களிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் உருண்டைகள் திருவனந்தபுரம் கரையிலும் நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் வந்து அடைந்தது நினைவிருக்கும். அதைக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களை மாமா நேரில் பார்த்தவர். "கப்பல்லேந்து கொட்டினது போதாதுன்னு நாமளும் கொட்டணுமாடே?" என்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. அன்றைக்கே கிழிந்த பழைய பாய் ஒன்றை வெட்டி, பாய் தைக்கிற ஊசியால் பை மாதிரி தைத்து, குழிக்குள் உறையாகப் போட்டார். வாங்குகிறவர்கள் முதல் நாளே உறை போட்டுவிடுங்கள், பாய்த்துணி இல்லாவிட்டால் பழைய ரெக்சின் போதும்.

மூன்றாவது, மீன். சாளையோ அயிலையோ, குழம்பு கூட்டி இதற்குள் வைக்கவே கூடாது. மீன் வேக ஐந்து நிமிடம், பெட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் முள்ளும் சதையும் தனித்தனியாகக் கழன்று குழம்பில் மிதக்கும். சரி, வேகவைக்க வேண்டாம், சூடாக மட்டும் வைக்கலாமே என்று ஒரு நாள் நெத்திலிக் குழம்பை வைத்தேன். அந்த வாசனை தெர்மாகோலுக்குள் ஏறி மூன்று வாரம் தயிருக்கெல்லாம் வந்தது. தயிர் என்றதும் நினைவுக்கு வருகிறது, வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றி ராத்திரி பெட்டிக்குள் வைத்தால் காலையில் கத்தியால் வெட்டலாம். ஆடாமல் இருப்பதும் ஒரு காரணம், வெளியே வைத்தால் படகு ஆடுகிற ஆட்டத்தில் தயிர் மோராகத்தான் உறையும்.

பயறு வகைகளில் ஒரு எச்சரிக்கை. சிறுபயறு, கொண்டைக்கடலை எல்லாம் ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வைக்கலாம். ராஜ்மா மட்டும் கூடாது, அதில் இருக்கும் நஞ்சு போக முழுக் கொதியில் பத்து நிமிடமாவது வேக வேண்டும், இளஞ்சூட்டில் கிடந்தால் வயிற்றைப் புரட்டிவிடும். அதேபோல, சூடு அறுபது டிகிரிக்குக் கீழே போன சோற்றைப் பெட்டிக்குள்ளேயே மறந்து விட்டுவிட்டால் அது கெடுவதற்குத் தோதான இடமாக மாறிவிடும். பாத்திரம் நிறைய இருந்தாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

மாமா கேட்ட ஒரு கேள்வியை எல்லோரும் கேட்பார்கள்: குக்கரில் பதினைந்து நிமிடத்தில் ஆகிற வேலைக்கு இது எதற்கு? குக்கர் எங்களிடமும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விசிலுக்கும் படகுக்குள் ஒரு மேகம் கிளம்பும். தொங்குகிற அடுப்பில் கனமான குக்கரை ஏற்றினால் அடுப்பே தலைகனத்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கரையில் வீடு இருப்பவர்கள் குக்கரே வைத்துக்கொள்ளட்டும். எவர்சில்வரில் இரட்டைச் சுவர் வைத்து நடுவில் காற்றை உறிஞ்சிய தெர்மல் குக்கர் கடைகளில் கிடைக்கிறது, அது இதைவிட அடக்கமானது, உருண்டையும் உதிராது, தாழ்ப்பாளும் இருக்கும். காசு இருந்தால் படகுக்கு அதுதான் சரி, மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதன் விலைக்கு இதில் மூன்று வாங்கலாம், அதோடு சைக்கிள் டியூபும் பாய்த்துணியும் வைத்து நாமே பழுது பார்த்துக்கொள்ளலாம்.

ஐஸுக்கும் இதே பெட்டிதான். சூட்டை வெளியே விடாதது சூட்டை உள்ளேயும் விடாது. துறைமுகத்தில் ஐஸ் கட்டிக்குப் பஞ்சமே இல்லை, ஜூன் பிறந்தால் மழைக்காலத்துக்கு ஒதுங்க வருகிற வள்ளங்களால் விழிஞ்ஞமே நிரம்பி வழியும், ஐஸும் அதற்குத் தக்க வந்து இறங்கும். ஒரு துண்டு உடைத்து வாங்கி வைத்தால் இரண்டாம் நாள் சாயந்திரம் வரைக்கும் கல் மாதிரி ஒரு பிடியாவது மிஞ்சும். படகுக்கு பன்னிரண்டு வோல்ட் ஃப்ரிட்ஜ் வாங்கச் சொல்லி ஒரு கடைக்காரர் எங்களைத் துரத்தித் துரத்திச் சொன்னார். எங்கள் நூறு வாட் சோலார் பலகை நல்ல வெயிலிலேயே நாளைக்கு முப்பது ஆம்பியர்-மணி கரண்டு தருவதே பெரிது, ஃப்ரிட்ஜ் மட்டும் அதை முழுக்கக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். அப்புறம் என் லேப்டாப்புக்கு என்ன? மழை மூடிய வாரத்தில் என்ன?

ஒரே சிக்கல், சோறு இருக்கும் நாளில் ஐஸ் இருக்க முடியாது. இதில் எங்களுக்குள் சண்டையே வந்திருக்கிறது. மதியம் நல்ல வெயிலில் மாமாவுக்கு ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் வேண்டும், எனக்கு ராத்திரி சூடாகக் கஞ்சியும் பயறும் வேண்டும். இப்போதைக்குச் செவ்வாய், வெள்ளி ஐஸ், மற்ற நாள் சோறு என்று ஓடுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. போவதற்கு முன் உங்கள் படகின் வாசலை அளந்துகொள்ளுங்கள். எங்கள் பெட்டி ஒன்றரை அடி சதுரம், வாசல் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றரை அடி. முதல் நாள் அதை உள்ளே இறக்க அரை மணி நேரம் ஆனது, கடைசியில் வாசல் சட்டத்தில் இருந்த பலகை ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது பெட்டிக்கு இப்போது சொல்லியிருக்கிறேன், மூலையைச் சீவி, தாழ்ப்பாள் வைத்து, இரண்டு அங்குலம் குறைத்துச் செய்து தரச் சொல்லி. அது வருவதற்கு முன்பே மாமா அதில் ஐஸுக்கு இடம் பிடித்துவிட்டார்.